மீட்டருக்கு மதியம் கிடையாது

சிக்னலில் சிவப்பு விழுந்ததும் அவருடைய இடது கை பக்கத்திலிருக்கும் டப்பாவுக்குள் போய்விடும். கண் விளக்கின் மேலேயே இருக்கும். கை மட்டும் துழாவி ஒரு சுருளை எடுக்கும். இரண்டு கடி. அதற்குள் பச்சை விழுந்துவிட்டால் மிச்சத்தைப் பல்லில் கவ்விக்கொண்டே கியரை மாற்றுவார். மென்றுகொண்டே வளைவில் திரும்புவார். விழுங்குவது எப்போதும் அடுத்த தெருவில்தான்.

அந்தச் சுருள் ஒரே நாளில் வந்ததில்லை. முதலில் அவர் மனைவி எல்லோரையும் போல அடுக்கு டப்பாவில்தான் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். போனது போனபடியே திரும்பி வந்தது. கரண்டி வைத்துக் கொடுத்துப் பார்த்தார். கரண்டி ஒரு நாள் பிரேக்குக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் ரொட்டிக்குள் உருளைக்கிழங்கை வைத்து, விரல் நீளத்துக்குச் சுருட்டி, ஒரு கையால் எடுக்கத் தோதாகச் செய்ய ஆரம்பித்தார். "குழந்தைக்குச் செய்யற மாதிரி செஞ்சு அனுப்பறேன். குழந்தையாவது ஒரு இடத்துல உக்காந்து வாங்கிக்கும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

எங்கள் கிடங்கில் அவருக்கு மீட்டர் என்று பெயர். நேரில் எல்லோருக்கும் அண்ணே. வண்டி வாசலைத் தாண்டிய பிறகு மீட்டர். நான் அதே கிடங்கின் முன்பக்கத்தில், கண்ணாடி வைத்த கௌண்டரில் இருப்பவன். வீட்டில் ஆளில்லாமல் திரும்பி வந்த பார்சல்களை உரியவர்களிடம் கொடுப்பது என் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள் திட்டுவார்கள். இந்தப் பக்கம் ஓட்டுநர்கள் திட்டுவார்கள். நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு மனிதர்களைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

ஒல்லியான ஆள். தோள்கள் மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கி மாட்டியது போல அகலம். வண்டிச் சாவியைச் சுண்டுவிரலில்தான் மாட்டிக்கொள்வார்; பையில் போட்டால் எடுக்க நேரமாகுமாம். கதவைக் கையால் தட்டமாட்டார், கை நிறையப் பெட்டி இருக்கும். முழங்கையால் இரண்டு இடி. உள்ளே கேட்கும் சத்தத்தை வைத்தே வீட்டின் லட்சணத்தைச் சொல்லிவிடுவார். "இது சட்டை தேடற வீடு. எதிர் வீடு சாவி தேடற வீடு. மாடியில ஒருத்தர் இருக்காரு, அவரு எதைத் தேடறாருன்னு இன்னி வரைக்கும் தெரியல" என்பார். லிஃப்ட் அவருக்கு ஆகாது. "லிஃப்ட்டு நின்னு யோசிக்கும். காலு யோசிக்காது." நாலாவது மாடி என்றாலும் படிதான். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் படியேறுவதைப் பார்த்தால் பெட்டிதான் அவரை மேலே இழுத்துக்கொண்டு போவதாகத் தோன்றும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அப்போதைய மேற்பார்வையாளர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த உடம்ப வச்சுக்கிட்டு ஒரு மாசம் தாங்குவியா?" என்று கேட்டாராம். அந்த மேற்பார்வையாளர் ஓய்வு பெற்று, இறந்தும் போய்விட்டார். அவருக்குப் பதில் சொல்வதை இவர் இன்னும் நிறுத்தவில்லை. காய்ச்சலில் வந்தார். கை விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலிருந்த பார்சல்களை முடித்துவிட்டுத்தான் போனார். இதை அவரே பெருமையாகச் சொல்வார். மனைவி பக்கத்தில் இருந்தால் சொல்லமாட்டார்.

புதிதாக வந்த ஓட்டுநர்கள் சாப்பாட்டு நேரத்தைப் பற்றிக் கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "வேலை முன்னாடி போகட்டும். வயிறு பின்னாடியே வரும்."

சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இல்லாமல் இல்லை. வண்டிகள் சரக்கேற்றும் கொட்டகையின் சுவரில் 'மதிய உணவு இடைவேளை அரை மணி நேரம், கட்டாயம்' என்று பெரிய எழுத்தில் பலகையே மாட்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்தப் பலகைக்குக் கீழே நீளமான பெஞ்சு கிடந்தது. பக்கத்துத் தெருக்களில் ஓட்டுபவர்கள் மத்தியானம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அதில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கை போகும். சரக்கேற்றுபவர்களும் சேர்ந்துகொள்வார்கள். அரை மணி நேரம் என்பது கொஞ்சம் நீளும். யாரும் கண்டுகொண்டதில்லை, பார்சல்களும் எப்படியோ போய்ச் சேர்ந்தன. அந்தப் பெஞ்சில் உட்காராத ஒரே ஆள் இவர்தான். அப்போது அது அவருடைய சொந்த விஷயமாக இருந்தது. கேலி செய்வார்கள், அவரும் சிரிப்பார்.

கைமிஷின் வந்ததும் அது சொந்த விஷயமாக இல்லாமல் போயிற்று.

உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி. பார்சலின் மேல் காட்டினால் கூவும். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அடுத்த வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் பிடித்தது எல்லாம் அதற்குத் தெரியும். முதலில் ஒரு மாதம் ஒரே ஒரு வண்டியில் மட்டும் வைத்துப் பார்ப்போம் என்று மேலாளர் சொன்னார். எந்த வண்டி என்று அவர் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் அந்த வண்டி எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்துத்தான் மற்ற எல்லாருக்கும் நேரம் போடப் போகிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஹாரன் அக்கா அவர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். எங்கள் கிடங்கில் வண்டி ஓட்டிய ஒரே பெண். குரல் அப்படி; கொட்டகையின் கடைசியிலிருந்து அவர் முணுமுணுத்தால் கௌண்டரில் இருக்கும் வாடிக்கையாளர் திரும்பிப் பார்ப்பார். அதனால் அந்தப் பேர். ஆகவே அவர்கள் பேசியதை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லமுடியாது.

"அண்ணே, ஒரு உதவி."

"சொல்லும்மா."

"இந்த ஒரு மாசம் மட்டும் மத்தியானத்துல வண்டிய ஓரங்கட்டிட்டு உக்காந்து சாப்பிடுங்க. செவத்துல எழுதிப் போட்டிருக்கற அரை மணி நேரம்தான். நாங்க உங்கள ஒண்ணும் திருடச் சொல்லல."

"எனக்கு அது பழக்கமில்லம்மா."

"பழக்கம் இல்லைன்னா பழகிக்குங்க. நீங்க உக்காந்தா நாங்களும் உக்காரலாம். நீங்க ஓடுனா அந்த மிஷினு எங்க எல்லாரையும் ஓடச் சொல்லும்."

"வேலை முன்னாடி போகட்டும்மா. வயிறு பின்னாடி வரும்."

"வயிறு வரும்ணே. நான் வர வேணாமா?"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவர் சிரித்தார். ஹாரன் அக்கா சிரிக்கவில்லை. வண்டியின் முன்பக்கத்தை உள்ளங்கையால் ஒருமுறை தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த மாதம் இவர் ஓடியது போல எப்போதும் ஓடியதில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வண்டி வெளியே போகும், எல்லோருக்கும் முன்னால் காலியாகத் திரும்பும். மாதக் கடைசியில் மேலாளர் எல்லோரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "மனசு இருந்தா முடியும்னு அண்ணன் காட்டிட்டாரு" என்று கைதட்டினார். அன்று கையில் பெட்டி வைத்திருந்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தபடி நின்றார். ஒரு மாதம் தாங்குவாயா என்று கேட்டவர் அந்த நேரத்தில் உயிரோடு இருந்திருக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அவர் பெயர் மீட்டர்.

சுவர்ப் பலகையை யாரும் கழற்றவில்லை. இடைவேளை கட்டாயம் என்று அது இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்தால் மிஷினில் சிவப்புக் கோடு வரும். சிவப்புக் கோடு மூன்று நாள் வந்தால் மேலாளர் அறைக்கு அழைப்பு வரும். பெஞ்சில் முதலில் ஓரத்தில் இரண்டு பெட்டியை வைத்தார்கள். பிறகு நடுவில். பிறகு அது பெஞ்சு என்பதே மறந்துபோயிற்று. ஓட்டுநர்கள் எல்லோரும் இவரைப் போலவே சிக்னலில் சாப்பிடக் கற்றுக்கொண்டார்கள். ஒருவருக்கு வயிற்றுப் புண் வந்தது. ஒருவர் மென்றுகொண்டே திரும்பும்போது ஒரு மதில் சுவரை இடித்தார். ஒன்றுக்குப் போக நேரமில்லாமல் வண்டிக்குள் காலி பாட்டில் வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அதைப் பற்றி முதலில் கேலி பேசினார்கள், பிறகு பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

ஹாரன் அக்காவால் பாட்டிலும் வைத்துக்கொள்ள முடியாது. அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். காலையில் ஒரு டம்ளர், பிறகு ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான். உதடு வெடித்துப்போய், கௌண்டருக்கு வந்து திரும்பிய பார்சல்களை வைப்பார். நான் தண்ணீரை நீட்டினால், "வேண்டாம்பா, அப்புறம் அது என்னைக் கேக்கும்" என்பார். ஒரு மத்தியானம் யார் வீட்டுப் படிக்கட்டிலோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். சிறுநீரகத்தில் கல், கூடவே கிருமி. பார்சலை வாங்க வேண்டிய வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் வண்டி ஒரே இடத்தில் நின்றது என்று மிஷின் சொன்னதை மேலாளர் முதலில் கோபத்தோடுதான் எங்களிடம் சொன்னார். விஷயம் தெரிந்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

ஹாரன் அக்கா வேலைக்குத் திரும்பி வந்தபோது அவர் குரல் பாதியாகியிருந்தது. கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தார். முடியவில்லை. கடைசி நாள் வண்டிச் சாவியை என் கௌண்டரில் வைத்துவிட்டு நேராக மீட்டரின் வண்டியருகே போனார். எல்லோரும் கை வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம். நன்றாக நாலு கேள்வி கேட்கப் போகிறார் என்று நினைத்தோம்.

"சாப்ட்டீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"ஆச்சும்மா. வண்டியிலயே."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மீட்டர் வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் வண்டியை எடுத்தார்.

அவர் வீடு என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ வேலையாகப் போனேன். இரண்டு சிறிய அறைகள்; சன்னலோரம் மகளின் படிப்பு மேசை, ஒரு தையல் மெஷின், சுவரோடு ஒட்டி ஒரு சோபா. சோபாவின் ஒரு பக்கம் பள்ளமாகியிருந்தது, இன்னொரு பக்கம் கடையில் வாங்கியபடியே இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் நின்றுகொண்டே இருந்தார். அலமாரியில் சாய்ந்தார், சன்னலில் சாய்ந்தார், குழாயைச் சரிபார்க்கிறேன் என்று உள்ளே போனார்.

அவர் போனதும் மனைவி குரலைத் தாழ்த்தினார். "உக்காரமாட்டாருங்க. ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் உக்காருவாரு, அதோட சரி. அப்புறம் நானும் பொண்ணும் ஆளுக்கு ஒரு கை குடுத்துத்தான் தூக்கிவிடணும். முட்டி ரெண்டும் போச்சு. இன்னி நேத்திக்கு இல்ல. பல வருஷமா."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"கூப்பிட்டுப் பாத்தாச்சு. டாக்டரு முதல்ல உக்காரச் சொல்லுவாரு, அதனால வரமாட்டேங்கறாரு" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்த வேகத்திலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நடந்துக்கிட்டே இருந்தா தெரியாதாம். நின்னாத்தான் பிடிச்சுக்குமாம். வண்டியில கூட சீட்டு நுனியில ஒக்காந்து காலை ஆட்டிக்கிட்டே இருக்காராம். இவரு ஓடறாருன்னு ஊரே சொல்லுது. நிக்க முடியாம ஓடறாருன்னு எனக்குத்தான் தெரியும்."

அதற்குப் பிறகு அதிக நாள் அதை மறைக்க முடியவில்லை. படியில் பக்கவாட்டாக, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டு போல இறங்க ஆரம்பித்தார். இரண்டு பெட்டியை ஒரே நடையில் கொண்டுபோனவர் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார். லிஃப்டுக்குக் காத்து நின்றார். அது நின்று யோசிக்கத்தான் செய்தது. முதலில் மாலையில் வண்டியில் ஒன்றிரண்டு பார்சல் மிஞ்சியது. பிறகு ஒரு வரிசை. கைமிஷினில் சிவப்புக் கோடு வந்தது.

மேலாளர் அறை என் கௌண்டருக்குப் பின்னால், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும். மேலாளர் கெட்டவர் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இவர் "பரவால்ல சார்" என்றார்.

"அண்ணே, இந்த ரூட்டுக்கு இந்த நேரம் யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"வேற யாராவது போட்டிருந்தா முடியாதுன்னு சொல்லலாம். மேல இருக்கறவங்ககிட்ட நானே பேசுவேன். ஆனா நீங்க செஞ்சே காட்டிட்டீங்களே. முடியற வேலைதானேன்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

கால் மாற்றி மாற்றி நிற்கும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு இவர் குரல். "கொஞ்ச நாள் குடுங்க சார். பிடிச்சுடறேன்."

தன்னையே துரத்திப் பிடித்துவிடுவதாக ஒரு மனிதர் வாக்குக் கொடுத்ததை அன்றுதான் கேட்டேன்.

பிடிக்கவில்லை. எங்கேதான் நேரம் போகிறது என்று பார்த்துவரச் சொல்லி என்னை அவர் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். நான் ஏறியதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வாங்க. வேவு பாக்க வந்தாலும் சீட் பெல்ட்டு போட்டுக்கணும்" என்றார். கோபமில்லை. நான் ஒரு பெட்டியைத் தூக்கப் போனபோது மட்டும் முகம் மாறியது. "வச்சிருங்க. நீங்க தொட்டா அது என் வேலையில்ல."

அன்று அவர் வேலையைப் பார்த்தேன். எந்தத் தெருவில் எந்தப் பக்கம் நிழல் இருக்கும், எந்த வீட்டில் முதல் தட்டுக்கே வருவார்கள், எந்தக் கேட்டைத் தூக்கித் தள்ளவேண்டும், எல்லாம் கைக்குள் இருந்தது. வண்டியைவிட்டு இறங்கி நிலத்தில் கால் வைக்கும்போது மட்டும் ஒரு மூச்சு உள்ளே போகும். வீட்டு வாசலில் சிரிப்பார். திரும்பும்போது முகத்திலிருந்து அந்தச் சிரிப்பைக் கழற்றிவிடுவார். மத்தியானம் சிக்னலில் சுருள் ஒன்றை எடுத்தார். எனக்கும் ஒன்று நீட்டினார்.

பசியில் தைரியம் வந்து கேட்டுவிட்டேன். "அண்ணே, அன்னைக்கு அந்த அக்கா கேட்டப்ப ஒரு மாசம் உக்காந்திருக்கலாமே?"

பச்சை விழுந்தது. கியரை மாற்றினார். அடுத்த தெருவும் போய், அதற்கடுத்த தெருவும் போயிற்று.

"அரை மணி நேரம் அசையாம உக்காந்திருந்தா எந்திரிச்சிருக்க மாட்டேன்" என்றார். "அப்பவே முட்டி அப்படித்தான். நடுத்தெருவுல யாராவது கை குடுத்துத் தூக்கணும். நாலு பேரு பாத்தா சாயங்காலமே ஆபீசுக்கு வந்துடும். எந்திரிக்க முடியாதவன வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? பொண்ணு அப்பதான் படிக்கப் போயிருந்தா."

"அதை அந்த அக்காகிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே."

"எத்தனையோ பேருகிட்ட சொல்லியிருக்கலாம்." கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்த்தார். "என்னைக் காப்பாத்திக்க ஓடுனேன். இப்ப அதுவும் இல்ல. நடுவுல, அரை மணி நேரம் கேட்ட அந்தப் பொண்ணு..." வீடு வந்துவிட்டது. இறங்கினார், மூச்சு உள்ளே போயிற்று.

"எங்கய்யா நேரம் போகுது?" என்று சாயங்காலம் மேலாளர் கேட்டார்.

"எங்கயும் போகல சார். படியில போகுது."

"படி அப்பவும் இருந்துச்சே."

"மனுசன் அப்ப வேற சார்."

அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. குறித்துக்கொள்ளும்படி அதில் ஒன்றும் இல்லைதான்.

முடிவு சீக்கிரமே வந்தது. இனி அவருக்கு வண்டி கிடையாது. விருப்பமிருந்தால் கிடங்கு வாசலில் தடுப்புக் கட்டையைத் தூக்கி இறக்கும் வேலை. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அது பரவாயில்லை. அவருடைய ரூட்டை என்ன செய்தார்கள் தெரியுமா? மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்த்தார். இளைஞர்கள் இரண்டு பேரை ஆளுக்கு ஒரு வாரம் ஓட்டச் சொன்னார். இரண்டு பேராலும் முடியவில்லை. ஒருவருக்கு இது அதிகம் என்று சொல்லி, ரூட்டை நடுவில் வெட்டி இரண்டாக்கி, இரண்டு வண்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருடம் பார்த்த கண்ணுக்குத் தெரியாதது, அவர் இறங்கப் போகிறார் என்றதும் தெரிந்துவிட்டது. மற்ற ரூட்டுகளுக்குப் போட்ட நேரம் மட்டும் அப்படியே இருந்தது. அதைப் போட்டது அவர்தானே.

கொட்டகையில் சிலர் சிரித்தார்கள். "மீட்டர் ஓடி ஓடி ரெண்டு பேரு வேலைய தின்னுட்டாருப்பா" என்றார் ஒருவர். சரக்கேற்றும் பெரியவர் மட்டும், "தின்னது அவரில்ல" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

கடைசி நாள், சாவியையும் மிஷினையும் கையோடு வாங்கிவரச் சொல்லி மறுபடியும் என்னையே அனுப்பினார்கள். காலையில் சரக்கேற்றும்போது ஒரு பார்சலின் மேலிருந்த பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்புப் பெட்டி அளவுதான். அதை வரிசையில் வைக்காமல் தனியாக எடுத்து முன்னால் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். ஹாரன் அக்காவின் சொந்தப் பெயர் அதுதான் என்று எனக்குத் தெரியும், சம்பளச் சீட்டில் பார்த்திருக்கிறேன்.

"வேற வண்டியில மாத்தி விட்டுடலாமா அண்ணே?" என்றேன்.

"என் ரூட்டுல இருக்கு" என்றார்.

மத்தியானம்தான் அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தோம். பழைய கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கையால் கைப்பிடியைப் பற்றி ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். நானும் ஒரு படி கீழே நின்றேன். ஏதோ வீட்டில் தாளிக்கும் சத்தம் கேட்டது. யாரோ தட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே போய் முழங்கையால் கதவை இடிக்கக் கையைத் தூக்கியவர், இறக்கிவிட்டு, விரல் கணுவால் மெதுவாகத் தட்டினார்.

"யாரு?" உள்ளே குரல் கேட்டது. பழைய குரலில் முக்கால்வாசி திரும்பியிருந்தது.

"பார்சல்."

கதவு திறந்தது. ஹாரன் அக்கா இளைத்துத்தான் இருந்தார், ஆனால் முகம் தெளிந்திருந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வீட்டிலேயே தைக்கிறார் போலிருக்கிறது. அவரைப் பார்த்தார். அவர் காலைப் பார்த்தார். வேர்த்து ஒட்டியிருந்த சட்டையைப் பார்த்தார். கடைசியாகப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

"மூணு மாடியும் ஏறியா வந்தீங்க? கீழ இருந்து ஒரு குரல் குடுத்திருந்தா நான் எறங்கி வந்திருப்பேனே."

"வீட்டு வாசல்ல குடுக்கணும்மா."

"இன்னைக்குத்தான் கடைசின்னு சொன்னாங்க."

"ஆமா."

"ரூட்ட ரெண்டாக்கிட்டாங்களாமே."

"ஆமாம்மா."

"இத்தனை வருஷம் கழிச்சு." அக்காவின் குரல் உயர்ந்தது, படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. "அரை மணி நேரம்ணே. அரை மணி நேரம் கேட்டேன் உங்கள."

அவர் பார்சலின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார். முட்டியைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். எனக்குச் சொன்னதில் பாதியாவது சொல்லுவார் என்று நினைத்தேன்.

"கேட்டேம்மா" என்றார். "காதுல விழுந்துச்சு."

அவ்வளவுதான். ஹாரன் அக்கா திட்டவில்லை. விருட்டென்று உள்ளே போனார். தையல் மெஷினுக்கு முன்னால் கிடந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார், கால்கள் தரையில் கிறீச்சிட. வாசற்படியைத் தாண்டித் தூக்கி வெளியே வைத்தார். கழுத்திலிருந்த நாடாவை உருவி, நாற்காலியின் மேல் கிடந்த நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டார்.

"உக்காருங்க" என்றார். "சாப்பாட்டு நேரம். இன்னைக்கு யாரு உங்கள அளக்கப் போறா?"

அவர் நாற்காலியைப் பார்த்தார். அதன் கையில்லாத பக்கங்களை, தாழ்ந்த இருக்கையை, அதிலிருந்து எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத வாசலை. பிறகு முதுகை மட்டும் வளைத்து, மார்போடு அணைத்திருந்த பார்சலை மெதுவாக அந்த நாற்காலியில் வைத்து, பெயர் எழுதிய பக்கம் அக்காவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.